கணவனின் நாடு

1918-ஆம் ஆண்டு, ஆப்ரிகாட் பழுக்கத் தொடங்கியிருந்த ஜூன் மாதம். கலிபோர்னியாவின் சான் டேமியான் ஊரில் பிறந்து, அந்த ஊரிலேயே நாற்பத்திரண்டு வயதை எட்டியிருந்த லவீனியா ரீகல், தன்னை எதிரி நாட்டுக்காரி என்று பதிவு செய்துகொள்ளத் தபால் ஆபீசுக்குப் போனாள்.

சட்டம் அப்படித்தான் இருந்தது. அமெரிக்கப் பெண் யாரைக் கட்டிக்கொள்கிறாளோ அவன் நாடுதான் அவள் நாடு. லவீனியாவின் கணவன் கான்ராட், பத்தொன்பது வயதில் ஹாம்பர்க்கிலிருந்து கப்பலேறி வந்தவன். வீடு வீடாகப் போய்ப் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவன் பிழைப்பு. ஜெர்மனியோடு போர் மூண்டதும் இங்கிருந்த ஜெர்மன் ஆண்களையெல்லாம் பதியச் சொன்னார்கள். இப்போது அவர்கள் மனைவிமார் முறை. லவீனியா ஜெர்மனியைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறாள். பியானோக் கம்பி அறுந்துபோனால் கான்ராட் திட்டுகிற இரண்டு வார்த்தைகளைத் தவிர அவளுக்கு அந்த மொழியில் ஒன்றும் தெரியாது.

தபால் ஆபீசில் இருந்தவர் ஹைரம் டட்டில். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். எப்போதும் ‘வின்னி’ என்றுதான் கூப்பிடுவார். அன்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எங்க பொறந்தீங்க, மிஸஸ் ரீகல்?”

“உங்களுக்குத் தெரியாதா ஹைரம்? என்னப் பெத்த அன்னிக்கு டாக்டரக் கூட்டியாற ஓடினதே நீங்கதான்னு எங்கம்மா சொல்லுவாங்க.”

“நீங்க வாயால சொன்னாத்தான் நான் எழுத முடியும்.”

சொன்னாள். பின்னால் தபால்தலை வாங்க வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய புகைப்படங்களை வாங்கி வைத்துவிட்டு, ஹைரம் அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மையில் தோய்த்துக் காகிதத்தில் உருட்டினார். சுண்டுவிரலுக்கு வரும்போது குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், “மனசுல வச்சுக்காத வின்னி,” என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து சோப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை.

இந்த லவீனியாதான் ஏழு வருஷத்துக்கு முன்பு, கலிபோர்னியாப் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றி வந்தவள். அவளும் அவள் தோழி ஆகஸ்டா பிங்கமும் ஒரு குதிரை வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு பழம் உலர்த்தும் களங்களிலும் தேவாலய வாசல்களிலும் நின்று பேசினார்கள். ஓரிடத்தில் அழுகிய முட்டை வீசினார்கள். இன்னோரிடத்தில் ஒருவர் எழுந்து, உங்களுக்குப் புருஷன் கிடைக்காத கோபம்தானே இது என்று கேட்டார். கிடைத்தவளைத்தான் பக்கத்தில் கூட்டி வந்திருக்கிறேன், அவளுக்கும் கோபம்தான் என்று லவீனியா ஆகஸ்டாவைக் காட்டிச் சொன்னதும் கூட்டமே சிரித்துவிட்டது. நூலிழையில் ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் இருவரும் கைகோத்துக்கொண்டு போய் ஓட்டுப் போட்டார்கள்.

அதே வருஷம் லவீனியாவின் புத்தகமும் வந்தது. மலை தாண்டி மாட்டு வண்டிகளில் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த முதல் பெண்களைப் பற்றிய சரித்திரம். கல்லறைகளில் அவர்கள் இன்னாரின் மனைவி என்று மட்டுமே இருந்தார்கள். லவீனியா வருஷக்கணக்கில் அவர்களுடைய மகள்களைத் தேடிப்பிடித்துக் கேட்டு, முதல் கிணறு வெட்டியவள் யார், பாதி வழியில் புருஷன் செத்தபிறகு வண்டியைத் தனியாக ஓட்டி வந்தவள் யார் என்று பேரோடு எழுதினாள். பள்ளிக்கூடங்களில் அதைப் பாடமாக வைத்தார்கள்.

முப்பத்தெட்டாம் வயதில், மாதர் சங்கத்துப் பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்த கான்ராடைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்த வருஷத் தேர்தலுக்குப் போனபோது அவள் பெயரைப் பட்டியலில் அடித்திருந்தார்கள். ஏதோ எழுத்துப் பிழை என்று நினைத்தாள். பிழை இல்லை, 1907-லேயே வந்த சட்டம் என்று குமாஸ்தா விளக்கினார். ஆண்களுக்கு அப்படியொரு சட்டம் கிடையாது. அவர்கள் யாரைக் கட்டினாலும் அமெரிக்கர்கள்தாம். கான்ராட் குடியுரிமைக்கு முதல் விண்ணப்பம் போட்டு வைத்திருந்தான். இரண்டாவது விண்ணப்பத்தை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனான். ஒருவழியாக அவன் கிளம்பியபோது போர் வந்து கதவை அடைத்துவிட்டது.

இப்போது அவனைப் பியானோவுக்குக் கூப்பிடுவார் இல்லை. அனுமதி இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது. ஜூலை மாதம் லவீனியா பழம் நறுக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். அவள் உட்கார்ந்த மேசையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்கு நகர்ந்தார்கள். நகராமல் இருந்தவள் எமி ஒருத்தி. ஜப்பானியத் தாய் தகப்பனுக்கு அந்த ஊரிலேயே பிறந்த பெண், பத்தொன்பது வயது. “இடம் தாராளமா கெடச்சுது,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தியை ஓட்டினாள்.

ஆகஸ்டில் பள்ளிக்கூட வாரியம் லவீனியாவின் புத்தகத்தை நிறுத்தியது. எதிரி நாட்டுக்காரி எழுதிய சரித்திரத்தை அமெரிக்கக் குழந்தைகள் படிக்க வேண்டாமாம். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவள் ஆகஸ்டாதான். மாதர் சங்கத்தின் தலைவி அவள். கையுறையைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு வழி இருக்குடி,” என்றாள். “எங்க வீட்டுக்காரர் சட்டத்தப் புரட்டிப் பாத்தாரு. விவாகரத்து ஆயிட்டா உன் குடியுரிமை உனக்கே திரும்பிடும்.”

லவீனியா கையிலிருந்த துணியை மேசைமேல் வைத்தாள்.

“பேப்பர்ல மட்டும்தான். சண்ட முடிஞ்சதும் திரும்பக் கட்டிக்கோ, யாரு கேக்கப் போறா? புத்தகம் பெல்க்நாப்ங்கிற உன் பழைய பேர்லதானே இருக்கு, பள்ளிக்கூடத்துல திரும்ப வச்சுடுவாங்க. சங்கத்துல உன் எடம் அப்படியே இருக்கும்.”

“கோர்ட்டுல என்ன காரணம் சொல்றது? குடிக்கிறான்னா? அடிக்கிறான்னா?”

“ஏதாவது ஒண்ணு. எல்லாரும் சொல்றதுதானே.”

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். லவீனியா சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றாள். யோசிக்கவும் செய்தாள். உருளைக்கிழங்கு தோல் சீவும்போதும் துணி உலர்த்தும்போதும் யோசித்தாள். கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்வதும், தன் புத்தகத்தைக் குழந்தைகள் உரக்கப் படிப்பதை ஜன்னலோரம் நின்று கேட்பதும் கண்முன் வந்தன. எப்பேர்ப்பட்ட ஆசை தனக்குள் இருக்கிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

வாரக் கடைசியில் சாப்பாட்டு மேசையில் கான்ராடிடம் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“பண்ணிடு,” என்றான்.

“இவ்ளோ சட்டுனு சொல்லிட்ட.”

“உன்கிட்டேருந்து நான் எடுத்துக்கிட்டது அது ஒண்ணுதான். திருப்பித் தர வேற வழி எனக்குத் தெரியல.”

அவன் நல்ல மனதோடு சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நாலு வருஷமாக அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது. “ஒரு நாள் வேலைய விட்டுட்டு அந்த ஆபீசுக்குப் போயிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா? ஊர்ல இருக்கிற பியானோவெல்லாம் உனக்குப் பெருசா இருந்துச்சு. நான் ஓட்டுப் போடறது மட்டும் அடுத்த மாசம் பாத்துக்கலாம்!”

கான்ராட் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தன் பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே எந்தச் சத்தமும் கேட்கவில்லை. யாரும் கொண்டுவந்து தராத வேலையை அவன் எப்படிச் செய்வான்? லவீனியா வெகு நேரம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆகஸ்டாவின் வீட்டுக்கு நடந்து போனாள். உள்ளே வரச் சொன்னதற்கு வாசலிலேயே நின்றாள்.

“என்னால முடியாதுடி. அந்த மனுஷன் தட்டினதெல்லாம் பியானோவத்தான். என்னை அடிச்சான்னு பைபிள் மேல கைய வச்சு எப்படிச் சொல்லுவேன்?”

ஆகஸ்டாவின் முகம் சிவந்தது. “நம்ம ரெண்டு பேரும் முட்டையடி வாங்கினது இதுக்குத்தானா? ஒரு ஆம்பளைக்காக எல்லாத்தையும் விட்டுடுவியா?”

“அவனுக்காக விடல. பிடுங்கினது அவன் இல்லையே.”

சங்கத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்க முடியுமா என்று ஆகஸ்டா கேட்டாள். கேட்கும்போதே அழுதாள். லவீனியா எழுதிக் கொடுத்தாள்.

அக்டோபரில் விஷக்காய்ச்சல் வந்தது. ஊரே முகத்தில் துணி கட்டிக்கொண்டு திரிந்தது. மாத முடிவில் கான்ராட் படுத்தான். மூன்றாம் நாள் காய்ச்சலின் வேகத்தில் அவன் குடியுரிமை கேட்டு நீதிபதி முன்னால் நிற்பதுபோல் பேசத் தொடங்கினான். முதல் ஜனாதிபதியின் பெயர் சொன்னான். மாநிலத் தலைநகர் சொன்னான். செனட்டில் எத்தனை பேர் என்று தானே கேட்டுத் தானே பதில் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் திரும்பி அவளைப் பார்த்து, “சரியா சொன்னேனா?” என்றான்.

“எல்லாம் சரி, கான்ராட். எல்லாமே சரியா சொல்லிட்ட.”

“அப்போ கையெழுத்துப் போடச் சொல்லு.”

அவள் அவன் விரல்களைப் பிடித்துப் போர்வையின் மேல் வைத்தாள். அவன் ஏதோ எழுதினான். விடிவதற்குள் போய்விட்டான்.

அடக்கத்துக்குப் பாதிரியார் வந்தார், ஹைரம் வந்தார். எமியும், தொப்பியைக் கழற்றிய அவள் தகப்பனாரும் வேலியருகே நின்றார்கள். போர் முடிந்துவிட்டதென்று ஊரின் மணிகள் எல்லாம் சேர்ந்து முழங்கியபோது, கல்லறையின் மண் இன்னும் காய்ந்திருக்கவில்லை.

குளிர்காலத்தில் ஆகஸ்டா வந்தாள். இந்தத் தடவை கையுறையைக் கழற்றி, லவீனியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு ஆகஸ்டா தயங்கித் தயங்கிச் சொன்னாள். புருஷன் செத்தாலும் சட்டப்படி கல்யாணம் முடிந்த கணக்குத்தான். லவீனியா இந்த நாட்டிலேயே குடியிருக்கிறாள், அது போதும். அவள் மறுபடியும் அமெரிக்கக் குடிமகள்.

“நான் எதுவும் செய்ய வேண்டாமா?”

“எதுவும் வேண்டாம். அதுவா வந்துடுச்சு.”

லவீனியா எழுந்துபோய் அடுப்பில் இருந்த காப்பியை இறக்கினாள். இறக்கி வைத்தவள் திரும்பி வந்து உட்காரவில்லை. அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த ஆகஸ்டா, சற்று நேரத்தில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனாள்.

1920-இல் நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. மாதர் சங்கத்தில் பெரிய விழா ஏற்பாடு செய்தார்கள். பள்ளிக்கூடங்களில் லவீனியாவின் புத்தகமும் திரும்ப வந்திருந்தது. விழாவில் அவள்தான் பேச வேண்டும் என்று ஆகஸ்டா வந்து கேட்டாள். லவீனியா ஒப்புக்கொண்டாள்.

விழாவுக்கு முன்தினம் எமி அவள் வீட்டுக்கு வந்தாள். அந்த வசந்தத்தில்தான் ஸ்ட்ராபெரி பயிரிடும் ஷிண்டோ என்பவனை அவள் கல்யாணம் செய்திருந்தாள். அவன் ஜப்பானில் பிறந்தவன். ஓட்டுக்குப் பெயர் பதியப் போனவளை, நீ ஜப்பான்காரி என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். “நான் அந்த ஊரக் கண்ணால பாத்ததே இல்லம்மா,” என்றாள். லவீனியா அவளை உட்கார வைத்துச் சோளரொட்டி கொடுத்தாள்.

மறுநாள் மேடையில் ஏறி நின்றபோது எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். அவள் காத்திருந்தாள்.

“இந்த ஓட்டு எனக்கு எப்படித் திரும்பி வந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்,” என்றாள். “என் புருஷன் செத்தான், வந்துச்சு. அவன் உயிரோட இருந்தா நான் இன்னிக்கு வாசல்லதான் நிப்பேன். இன்னும் எத்தனையோ பேர் வாசல்லதான் நிக்கிறாங்க. இந்த ஊர்லயே ஒருத்தி இருக்கா, பேரு எமி ஷிண்டோ. அந்தச் சட்டத்த மாத்தற வரைக்கும் எனக்குக் கை தட்டாதீங்க.”

யாரும் தட்டவில்லை. பின்வரிசையில் ஒருத்தி, ஜப்பான்காரிக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்துக்காரியிடம் கேட்டது மேடை வரை கேட்டது. சிலர் எழுந்து போனார்கள். ஆனால் ஆகஸ்டா இருந்தாள். மறுவாரம் அவளே வந்து, வாஷிங்டனுக்கு யாருக்கெல்லாம் எழுத வேண்டும் என்று கேட்டாள். வேறு ஊர்ச் சங்கங்களிலும் அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷம் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள்.

1922 செப்டம்பரில் சட்டம் மாறியது. வெளிநாட்டுக்காரனைக் கட்டினாலும் பெண்ணின் குடியுரிமை இனிப் போகாது. செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு ஆகஸ்டா ஓடி வந்தாள். சங்கத்தில் விருந்து வைக்கப் போவதாகச் சொன்னாள். லவீனியா செய்தியைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். கணவன் குடியுரிமை பெறத் தகுதியில்லாதவனாக இருந்தால் இந்தச் சட்டம் அவளுக்குப் பொருந்தாது. ஆசியாவில் பிறந்தவர்கள் அந்தத் தகுதி இல்லாதவர்கள்.

ஸ்ட்ராபெரி வயலுக்கு அவளே நடந்து போய்ச் சொன்னாள். எமி குனிந்து கடைசிப் பழங்களைப் பறித்துக்கொண்டிருந்தாள், முதுகில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நிமிராமல் கேட்டாள்.

“அப்போ எனக்கு இல்ல.”

“இல்ல, எமி.”

எமி ஒரு கூடையை நிரப்பி முடித்தாள். அடுத்த கூடையை எடுத்தாள். “ஆகஸ்டாம்மா விருந்து வைக்கிறாங்களாமே. பழம் வேணும்னா நான் தரேன்னு சொல்லுங்க. நல்ல பழமா பொறுக்கித் தரேன்.”

லவீனியா அந்தச் செய்தியை ஒரு சொல் மாற்றாமல் கொண்டுபோய்ச் சொன்னாள். விருந்தைத் தள்ளி வைக்கணுமா என்று ஆகஸ்டா கேட்டாள். அதை நீதான் முடிவு பண்ணணும் என்றாள் லவீனியா.

விருந்து நடந்தது. அன்று மாலை லவீனியா வீட்டில் உட்கார்ந்து, வாஷிங்டனுக்கு எழுத வேண்டியதை முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருந்தாள்.