சனிக்கிழமைத் தூதன்

செத்துப்போன மனுஷன் சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வருகிறான் என்றால் யார் நம்புவார்கள்? ஜெபசீலி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கம்பெனியில் ஒரு மாதம் லீவு கொடுத்து, "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடும்மா" என்று பஸ் ஏற்றிவிடுவார்கள்.

சாயங்காலம் ஏழு மணி. ஓசூர் பாகலூர் ரோட்டில் அவளுடைய லைன் வீட்டு வாசலில் அவனுடைய மொபெட் வந்து நிற்கும் சத்தம் கேட்கும். ஸ்பிரிங் தளர்ந்த ஸ்டாண்டு, ஒரு உதைக்கு இறங்காது. டக், டக், மூன்றாவது உதைக்குத்தான் கிறீச்சென்று இறங்கும். அவள் ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். வாசல் காலியாகக் கிடக்கும். எதிர்வீட்டு ஜோதியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள், தலையைக்கூடத் தூக்கமாட்டாள். அந்த மொபெட் நசுங்கிப்போய்ப் போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டில் துருப்பிடித்துக் கிடப்பது ஜெபசீலிக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் ஆறே முக்காலுக்கே காபிக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள்.

அவள் புருஷன் மோகன்குமார் வேறொரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். அவன் பிறந்த வீட்டில் பேசுவது கன்னடம். சொந்த ஊர் எல்லைக்கு அந்தப்பக்கம், ஆனேக்கல் தாண்டி ஒரு கிராமம். அவள் நாசரேத் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த கிறிஸ்தவப் பெண். இரண்டாயிரத்தில் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். அவனுடைய அண்ணன் வெங்கடப்பன் அன்றைக்கே ஊரில் சொல்லிவிட்டானாம், "எங்க மோகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல" என்று. அம்மா சென்னம்மா வாயே திறக்கவில்லையாம்.

நாலு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, அத்திப்பள்ளி ரோட்டில் லாரி மோதி மோகன் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் வெங்கடப்பன் வேனோடு நின்றுகொண்டிருந்தான். "எம் புருஷன்" என்றாள். அவன் ஏற இறங்கப் பார்த்து, "யாரும்மா நீ?" என்றான். வேன் எல்லை தாண்டிப் போய்விட்டது. ஒரு பிடி மண் போட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதைவிடப் பெரிய முள் ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்றுதான் அவன் சொல்லுவான். ஏழு மணிக்கு வரும்போது கையில் ஒரு துணிப்பையில் ராகி மாவு இருக்கும். கேன்டீனில் விற்கிறார்கள் என்பான். ஓவர்டைம் பார்த்த மனுஷனுக்கு அத்திப்பள்ளி ரோட்டில் என்ன வேலை? அவனுடைய கம்பெனியில் விசாரித்தால், சனிக்கிழமை ஓவர்டைமே கிடையாது என்றார்கள். ஜோதியம்மாள் ஒருநாள் தெருக்குழாயடியில், "ஆம்பளைங்க மனசு யாருக்குத் தெரியும், அந்தப்பக்கம் எவளாச்சும் இருந்திருப்பா" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அந்த வார்த்தை ஜெபசீலியின் நெஞ்சிலும் குடியேறிவிட்டது. நான் அவனுக்குப் பெண்டாட்டிதானா, இல்லை அவர்கள் சொல்வதுபோல யாருமே இல்லையா? ஒரு வருஷமாக இந்த ஒரு கேள்வியோடுதான் தூங்கினாள், எழுந்தாள், இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் போல்ட்டுகளை அளந்தாள்.

வருஷத் திதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவனுடைய பெட்டியைத் திறந்தாள். மோகன் தபால் வழியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தான். கடைசியாக அவன் படித்த பாடப்புத்தகம் மேலேயே இருந்தது. 'நாடுகளின் சமூகம்: வரலாற்று வளர்ச்சி'. ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். அவன் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நாடுகள் தனித்தனித் தீவாக இருந்தால் சண்டைதான் மிச்சம், சில வழக்கங்களுக்கு எல்லோரும் கட்டுப்படும்போதுதான் அவை ஒரு சமூகம் ஆகின்றன என்று பாடம் தொடங்கியது. ஆதியில் வந்த வழக்கம், தூதனைக் கொல்லக் கூடாது என்பது. எந்த மொழி பேசும் ராஜாவாக இருந்தாலும் இதற்குக் கட்டுப்பட்டான். அதன் ஓரத்தில் மோகன் எழுதியிருந்தான்: "நமக்கும் ஒரு தூதன் இருக்கான். பரீட்சை முடிஞ்சு சீலிகிட்ட சொல்லணும்."

யார் அந்தத் தூதன்? அவளுக்குப் பிடிபடவில்லை. மேலே படித்தாள். ஐரோப்பாவில் முப்பது வருஷம் மதச்சண்டை போட்டு ஓய்ந்த ராஜாக்கள், அடுத்தவன் வீட்டுச் சாமி விஷயத்தில் மூக்கை நுழைப்பதில்லை என்று 1648இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஓரத்தில்: "நம்ம வீடு." சுவரைப் பார்த்தாள். இயேசு படமும் நரசிம்மர் படமும் ஒரே ஆணி வரிசையில் இருந்தன. அடுத்த பக்கத்தில், நாங்கள்தான் நாகரிக நாடுகள், மற்றவர்களை நாடாகவே ஏற்கமாட்டோம் என்று அவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சங்கம் நடத்திய கதை. அங்கே "அண்ணன்!" என்று எழுதி ஆச்சரியக்குறி வேறு. அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகப் போர்கள் முடிந்து, அடிமை நாடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து ஐ.நா. சபையில் பெரியவர்களுக்குச் சமமாக நாற்காலி கேட்டு வாங்கியதோடு பாடம் முடிந்தது.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரிக்கு மட்டும் இரண்டு கோடு. 'ஒரு நாடு இன்னொன்றை வாய்திறந்துதான் அங்கீகரிக்க வேண்டும் என்பதில்லை. தூதனை உள்ளே விட்டு, பதிலுக்கு ஏதேனும் கொடுத்தனுப்பினால் அதுவே அங்கீகாரமாகலாம்.' பக்கத்தில் ஒரே வார்த்தை: "அம்மா."

அந்த அம்மாவைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்று மறுநாள் அவள் ராமப்பனைப் பிடித்தாள். மோகனோடு வேலை பார்த்தவன், மோகன் ஊர்க்காரன், இரண்டு மொழியும் தெரிந்தவன்.

"அண்ணே, திதிக்கு நானும் வாரேன்னு சொல்லுங்க. ஒரு ஓரமா நின்னு ஒரு விளக்கு ஏத்திட்டு வந்திருதேன். வேற ஒண்ணும் கேக்கலன்னு சொல்லுங்க."

ராமப்பன் போய்விட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "வெங்கடப்பன்கிட்ட சொன்னேம்மா. அப்படி ஒருத்தி இருக்கறதே எங்களுக்குத் தெரியாதுங்கறான். நீ போவாத. அவன் ஒரு மாதிரி ஆளு."

"அவிய அம்மா என்ன சொன்னாவ?"

"அது எங்க பேசுது? கேட்டுக்கிட்டு உள்ள போயிருச்சு."

தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? திதி சனிக்கிழமையில் விழுந்தது. ஜெபசீலி மத்தியானமே பஸ் ஏறிவிட்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. வீட்டு வாசலில் பந்தல். மோகன் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் இலை விரித்து, அவனுக்குப் பிடித்ததெல்லாம் படைத்துக்கொண்டிருந்தார்கள். களி உருண்டையும் அவரைக்காய்க் குழம்பும் அவளுக்குக் கேட்டிலிருந்தே தெரிந்தன. முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். படத்துக்குப் பக்கத்தில் சென்னம்மா உட்கார்ந்திருந்தாள், ஒடிசலான உடம்பு, வறண்ட கண்.

வெங்கடப்பன் கேட்டை மறித்து நின்றான். "யாரும்மா நீ?"

அதே கேள்வி. அதே குரல். ஜெபசீலி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "விளக்கு ஏத்தணும்" என்று மட்டும் சொன்னாள்.

"ஊர்ல ஆயிரம் பேர் வருவாங்க. எல்லாருக்கும் இங்க வேலை இல்ல. போ, போ."

அப்போதுதான் அவள் முதுகுக்குப் பின்னால் அது கேட்டது. டக். டக். கிறீச்.

சட்டென்று திரும்பினாள். ஐயோ, இன்னும் ஏழு ஆகவில்லையே! புளியமரத்தடியில் ஒன்றுமில்லை, ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. பந்தலில் ஒருவர்கூடத் திரும்பவில்லை, பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னம்மா மட்டும் கழுத்தை நீட்டி, அதே புளியமரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லப் பார்வையைத் திருப்பி ஜெபசீலியைப் பார்த்தாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். நேராகக் கேட்டுக்கு வந்தாள்.

"ராகி மாவு பதமா இருந்துச்சா?" என்று எல்லையோரத் தமிழில் கேட்டாள்.

ஜெபசீலிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அந்தத் துணிப்பை கேன்டீனிலிருந்து வரவில்லை என்று விளங்கியபோது வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாரா வாரம் வருவான். பெரியவன் பால் சொசைட்டிக்குப் போற நேரம் பாத்து வருவான். அரை மணி உக்காருவான், வீட்டுக்குப் போவணும்மான்னு எந்திரிப்பான். எந்த வீட்டுக்குன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல. ஆனா மாவு மட்டும் ரெண்டு பேருக்குத்தான் அரைச்சுக் குடுப்பேன்." சென்னம்மா புளியமரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இப்பவும் வர்றானே, தாயி. அஞ்சே முக்காலுக்கு. உள்ள வரமாட்டேங்கறான். உன் வீட்டுக்கு எத்தனை மணிக்கு?"

"ஏழுக்கு, அத்தை."

"அப்ப இங்கருந்து நேரா உங்கிட்டதான் வர்றான்."

வெங்கடப்பன், "அம்மா, என்ன உளர்றே? யார் இவ?" என்று கத்தினான்.

"மோகன் சம்சாரம். வழிய விடு."

ஜெபசீலி விளக்கை ஏற்றினாள். காற்றில் இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவதைச் சென்னம்மா கிழித்துக் கொடுத்தாள். நாலு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு பக்கமும் வண்டி ஓட்டினானே பாவி என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

எழுந்ததும் சென்னம்மா தூக்குவாளியில் படையலை எடுத்துப் போட ஆரம்பித்தாள். "கெளம்பு, கெளம்பு. ஏழு மணிக்கு அவன் வந்து வாசல்ல நிக்கக் கூடாது. நானும் வர்றேன்."

ராமப்பன்தான் ஓடிப்போய் ஒரு வேனை அமர்த்திக் கொண்டுவந்தான். அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டும்போது சென்னம்மா கண்ணை மூடிக்கொண்டு ஜெபசீலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். லைன் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஆறு ஐம்பத்தைந்து. ஜெபசீலி காபிக்குத் தண்ணீர் வைத்தாள். சென்னம்மா சுவரிலிருந்த இரண்டு சாமியையும் பார்த்துவிட்டு, கதவைத் திறந்துவைத்து அதன் எதிரே உட்கார்ந்தாள்.

ஏழு அடித்தது. ஏழே கால் ஆயிற்று. தெருவில் எத்தனையோ வண்டி போயிற்று, எதுவும் நிற்கவில்லை. காபி ஆடை கட்டிவிட்டது. எட்டு மணிக்கு ஜெபசீலி சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, "வரலையே அத்தை, வரலையே" என்று வாய்விட்டு அழுதாள். இரண்டு வீடும் பேசிக்கொண்டதும் நடுவில் போய்வந்த தூதனுக்கு வேலை இல்லாமல் போய்விட்டதோ? தெரிந்திருந்தால் அந்தக் கேட்டைத் தொட்டிருக்கவே மாட்டேன் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

மகனைப் புதைத்த அன்றுகூட அழாத சென்னம்மாவுக்கு அப்போதுதான் கண்ணீர் உடைந்து வந்தது. வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தாள்.

"அடுத்த சனிக்கிழமை மாவு கொண்டாறேன்" என்றாள். "எதுக்கும் ரெண்டு பேருமா உக்காந்து கேட்டுப் பாப்போம்."