இமோஜீன் கேட்ட இரண்டு அங்குலம்

ராய்ஸ் டாட்லாக்கின் மூக்கு மூன்று முறை உடைந்திருக்கிறது. மூன்று முறையும் உடைத்தவள் அவன் அக்கா இமோஜீன். முதல் முறை அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஏழு. ஒரு தூண்டில் கோலுக்காக நடந்த சண்டை. கடைசி முறை அவளுக்கு ஐம்பத்து நான்கு. நான் சொல்லப்போவது அந்தக் கடைசி முறையைப் பற்றி.

அவர்களுடைய அப்பா பெல்ட்டால் பேசுகிறவர். ஜப்பானில் பட்டாளத்தில் இருந்தபோது பார்த்த கமாடோ என்கிற மண் அடுப்பை மனதில் வைத்துக்கொண்டு, ஊர் திரும்பி, வடக்கு ஜார்ஜியாவின் மலையடியில் எங்கள் கோல்வெல் ஊரில் பீங்கான் அடுப்பு செய்யும் கம்பெனி தொடங்கினார். சாகும்போது மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டுப் போனார். ராய்ஸ் விற்பனையைப் பார்த்தான். இமோஜீன் சோதனை முற்றத்தைப் பார்த்தாள். நான் ஹோலிஸ். அந்த முற்றத்தில் பதினாறு வருஷம் கரி கொட்டி, சாம்பல் அள்ளியவன்.

எங்கள் அடுப்பு முட்டை வடிவம். ஒரு அங்குலக் கனத்தில் பீங்கான். கீழே ஒரு காற்றுத் துளை, உச்சியில் ஒன்று. இரண்டையும் திறந்தால் தீ எழும்பும், மூடினால் அடங்கும். அடங்கிவிட்டது என்றுதான் பார்க்கிறவன் நினைப்பான். உண்மையில் அது மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் மூடியை ஒரேயடியாகத் தூக்கினால், உள்ளே பாயும் காற்றைத் தின்றுவிட்டு நெருப்பு வெளியே பாயும். அதனால் முதலில் இரண்டு அங்குலம் தூக்கி, ஐந்து எண்ணி, இறக்கி, மறுபடி தூக்க வேண்டும். பழைய மூடி எண்பது பவுண்டு கனம். அதை வீசித் திறக்க யாராலும் முடியாது. கனமே எங்களுக்குக் காவல்.

மூக்கு கடைசியாக உடைந்த அந்த வருஷம் ராய்ஸ் அட்லாண்டாவிலிருந்து பிரெஸ்டன் என்று ஒரு வடிவமைப்பாளனைக் கூட்டிவந்தான். முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டையோடு கரி முற்றத்துக்கு வந்த முதல் ஆள் அவன்தான். புது மாடலுக்கு நான்கு விஷயம் கொண்டுவந்திருந்தான்: இரண்டு தட்டாகப் பிரியும் கம்பி வலை, மழை புகாத உச்சித் துளை, தானாகப் பூட்டிக்கொள்ளும் கொண்டி, அப்புறம் ஒற்றை விரலால் மூடியைத் தூக்கிவிடும் ஸ்பிரிங் கீல்.

இமோஜீன் ஆறு வாரம் அதைச் சமைத்துப் பார்த்தாள். பன்றித் தோள்கறி பதினான்கு மணி நேரம், எழுநூறு டிகிரியில் ரொட்டி, கொட்டுகிற மழையில் கோழி. வலை நன்றாக இருந்தது. உச்சித் துளை அதைவிட நன்றாக இருந்தது. கொண்டி பரவாயில்லை என்றாள். கீல் மட்டும் வேண்டாம் என்றாள்.

"ஏன் மேடம்?" என்று பிரெஸ்டன் உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். "இடுப்பு வலிக்காரங்க, வயசானவங்க எல்லாருக்கும் இது வரப்பிரசாதம் இல்லையா?"

"கண்ணு, இறகு மாதிரி இருக்கிற கதவை எவன் மெதுவா திறப்பான்? வீசிதான் திறப்பான். உள்ள இருக்கிறது அதுக்காகத்தானே காத்துக்கிட்டிருக்கு."

வேண்டுமென்றால் ஒன்று செய்யலாம் என்றாள். மூடி இரண்டு அங்குலத்தில் தட்டி நிற்கிற மாதிரி ஒரு கொக்கி. அதைக் கையால் விடுவித்தால்தான் மேலே போக வேண்டும்.

ராய்ஸ் சிரித்தான். "பூட்டுப் போட்ட அடுப்பா? டீலர் எல்லாம் என்னைப் பார்த்து, உங்க அக்கா அடுப்பு செய்யிறாங்களா இல்ல கோழிக்கூடு செய்யிறாங்களான்னு கேப்பான்."

அவள் கையிலிருந்த காபிக் கோப்பையை அவன் மேல் எறிந்தாள். அவன் குனிந்தான். கோப்பை சுவரில் உடைந்தது. பிரெஸ்டன் வெளிறிப்போனான். நான் விளக்குமாற்றை எடுத்தேன். எங்களுக்கு அது சாதாரண செவ்வாய்க்கிழமை.

அடுத்த வாரம் கீலைத் திறந்து மூடிச் சோதிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மூவாயிரத்துச் சொச்சம் முறை வரை ஒழுங்காக இருந்தது. பிறகு ஒரு திருகாணி துப்பாக்கி வெடித்த சத்தத்தோடு தெறித்தது. மூடி என் இடது கைமேல் விழுந்தது. நடுவிரலும் மோதிர விரலும் நுனி மூட்டோடு போயின. கத்தினேனா என்று நினைவில்லை. இமோஜீன் தன் சட்டையைக் கழற்றி என் கையைச் சுற்றிக் கட்டியதும், உள்பனியனோடு லாரியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி போனதும் நினைவிருக்கிறது. வழியெல்லாம் தம்பியை வாய் ஓயாமல் திட்டினாள்.

ராய்ஸ் என்னைப் பார்க்க வந்தான். பழக்கூடை கொண்டுவந்தான். "திருகாணி அளவு தப்பு ஹோலிஸ். மாத்தியாச்சு. கீல்மேல குத்தம் இல்ல" என்றான். அது பொய்யும் இல்லை. புதுத் திருகாணி இன்று வரை தெறித்ததில்லை. ஆனால் இமோஜீன் சொன்னது திருகாணியைப் பற்றி இல்லையே.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை டீலர்கள் வந்தார்கள். முப்பது பேர் இருக்கும், மூன்று மாநிலத்துக்காரர்கள். முற்றத்தில் நீளமேசை, ஐஸ் பெட்டியில் இனிப்பு டீ, நடுவில் பச்சை மெருகு பூசிய புது மாடல். ராய்ஸ் தீயை எழுநூறுக்கு ஏற்றி இறைச்சியைச் சுட்டுக் காட்டினான். பிறகு பேசுவதற்காக இரண்டு துளையையும் மூடினான். பேச்சு பத்து நிமிஷம் நீண்டது. பிரெஸ்டன் அப்போது கட்டடத்துக்குள் விலைப்பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தான். துளைகள் மூடியதை அவன் பார்க்கவில்லை. இதை நான் பிறகு வக்கீலிடமும் சொன்னேன்.

"இப்ப பாருங்க, ஒத்தை விரல்!" என்று ராய்ஸ் அடுப்புப் பக்கம் திரும்பினான்.

இமோஜீன் குறுக்கே வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள், ஆனால் நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது: "டேய், துளை ரெண்டும் மூடி பத்து நிமிஷம் ஆச்சு. திறக்காத."

"தள்ளு."

"திறக்காதடா, பாவி."

அவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். பெரிய தள்ளல் இல்லை. அவள் ஒரு அடி பின்னால் போனாள், அவ்வளவுதான். ஆனால் முப்பது பேர் பார்க்கத் தள்ளியிருக்கிறான். அவள் கையில் கரி கிளறும் கம்பி இருந்தது. அதைக் கீழே போட்டாள், அந்த அளவுக்கு யோசித்திருக்கிறாள். பிறகு முஷ்டியால் குத்தினாள். மூக்கெலும்பு முறிந்த சத்தம் மேசை வரை கேட்டது.

ராய்ஸ் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு அவள் வயிற்றில் தலையால் முட்டினான். இருவரும் மேசைமேல் விழுந்தார்கள், மேசை சரிந்தது, முட்டைக்கோஸ் சாலட்டிலும் இறைச்சியிலும் புரண்டார்கள். அவன் அவள் விலாவில் முழங்காலை ஏற்றினான். அவள் அவன் காதைக் கடித்தாள். டீலர்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். நான் ஒன்றரைக் கையை வைத்துக்கொண்டு விலக்கப் பார்த்தேன். ராய்ஸின் பூட்ஸ் என் தாடையில் பட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் பிரெஸ்டன் வெளியே வந்தான். பாவம், அவன் என்ன நினைத்திருப்பான்? ஆறு மாதம் பாடுபட்ட வேலை கண்ணெதிரே கேலிக்கூத்தாகிறது. கூட்டத்தைத் தன் பக்கம் திருப்ப நினைத்தான். "எல்லாரும் இங்க பாருங்க, ப்ளீஸ், இங்க!" என்று சொல்லிக்கொண்டே மூடியின் பிடிக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்தான்.

கீல் அழகாக வேலை செய்தது. மூடி ஒரு சத்தமும் இல்லாமல் மேலே போனது.

இரும்புத் தகட்டை உதறின மாதிரி ஒரு சத்தம். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு தூண் அவன் முகத்தில் அறைந்து தலைக்கு மேலே போனது. அவன் கத்தவில்லை. கத்த மூச்சு இழுத்தான், அதுதான் தப்பு. தலைமயிர் எரிந்தது, வெள்ளைச் சட்டையின் கழுத்து எரிந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் நடந்து, மேசைக் காலில் இடறி விழுந்தான்.

இமோஜீன் ராய்ஸை உதறிவிட்டு எழுந்தாள். இரண்டு விலா முறிந்திருந்தது என்று பிறகுதான் தெரியும். பிரெஸ்டன் மேல் குறுக்கே விழுந்து தன் உடம்பாலேயே தீயை அணைத்தாள். அவள் முடியும் பொசுங்கியது. "கண்ணைத் திறக்காத கண்ணு, திறக்காத, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ராய்ஸுக்கு அந்த நேரத்தில் மூளை நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பீங்கான் கம்பெனிக்காரனின் மகன், ஐஸ் பெட்டியைத் தூக்கி, அதிலிருந்த ஐஸ் தண்ணீரை எழுநூறு டிகிரி அடுப்பின் மேல் கொட்டினான். நான் "வேண்டாம்!" என்று கத்துவதற்குள் அடுப்பு வெடித்தது. நீராவியோடு சில்லு பறந்தது. ஒரு பச்சைச் சில்லு ராய்ஸின் கன்னத்தைப் பல் தெரியும் வரை கிழித்தது. இன்னொன்று இமோஜீனின் முதுகில் செருகி நின்றது. அவள் பிரெஸ்டன்மேல் கவிழ்ந்திருக்காவிட்டால் அது அவன் கழுத்தில் இறங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து யார் முதலில் அடித்தது என்று கேட்டார். முதுகில் இருபது தையலோடு குப்புறப் படுத்திருந்த இமோஜீன், "நான்தான்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

பிரெஸ்டனின் இடது கண் போய்விட்டது. முகத்துக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து, நஷ்டஈடு கேட்டுப் பிரெஸ்டனின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும், ராய்ஸ் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டான். கன்னத்தில் தையல் கறுப்பாக ஓடியது. மேசைமேல் ஒரு தாள். திறக்கக் கூடாது என்று எல்லோரும் எச்சரித்தும் பிரெஸ்டன் திறந்தான், நான் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடு ஹோலிஸ்."

"அவன்கிட்ட யாரும் சொல்லலையே ராய்ஸ்."

"பதினாறு வருஷம் எங்க சோறு தின்ன."

"சோறு தின்னேன். விரலும் குடுத்தேனே."

அவன் என் இடது கையைப் பிடித்து, ஆறாத அந்த இரண்டு விரலையும் மேசை விளிம்பில் வைத்து அழுத்தினான். வலியில் உலகமே வெள்ளையாகப் போனது. வலது கைக்குக் கிடைத்தது மேசை விளக்கு. அதை அவன் தலையில் இறக்கினேன். அவன் சரிந்தான். மறுபடி ஓங்கினேன். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன், நிறுத்துகிற எண்ணமே எனக்கு இல்லை.

கதவில் இமோஜீன் நின்றாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். தாளை எடுத்துப் படித்தாள். தரையில் கிடந்த தம்பியைப் பார்த்தாள். அவள் தோள் முறுக்கேறுவது தெரிந்தது. நான் விலகி நின்றேன், அடிக்கட்டும் என்று. ஆனால் அவள் சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஹோலிஸ், நான் அன்னைக்கு அவனை அடிக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

நான் விளக்கைக் கீழே வைத்தேன்.

"அடுப்பை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன். அவ்வளவுதான். அந்தப் பையன் வந்து கையை வைக்கிறப்ப நான் அங்க நின்னிருப்பேன். ராய்ஸ் காதுல மட்டும் ஏன் சொன்னேன்? எல்லாருக்கும் கேக்கக் கத்தியிருக்கலாம்ல? டீலர் முன்னால குடும்ப மானம்! அடுத்த நிமிஷமே அவன் மூக்கை உடைச்சேன், அப்ப எங்க போச்சு மானம்?"

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் போனேன். பிரெஸ்டனின் முகமெல்லாம் கட்டு. ஒற்றைக் கண் மட்டும் தெரிந்தது. அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். துளை மூடியது தனக்குத் தெரியும் என்பதையும், அவனிடம் சொல்லாததையும்.

அவன் அந்த ஒற்றைக் கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, "போங்க" என்றான்.

"சரி கண்ணு."

"கண்ணுன்னு சொல்லாதீங்க."

வாசலில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

நஷ்டஈட்டு வழக்குக்காக வக்கீல் ஆபீசில் சத்தியம் செய்து சாட்சி சொல்லும் நாள் வந்தபோது, இமோஜீன் எதையும் மறைக்கவில்லை. ஆறு வாரச் சோதனைக் குறிப்பையும், கொக்கியைப் பற்றித் தம்பிக்கு எழுதிய கடிதத்தையும் வக்கீல் முன் வைத்தாள். பாதியிலேயே ராய்ஸ் மேசைமேல் தாவி அவள் கழுத்தைப் பிடித்தான். பிரித்தெடுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. அவள் கையை உயர்த்தவே இல்லை. முகம் நீலமாகிக்கொண்டிருந்தபோதும் அவள் கை இரண்டும் நாற்காலிக் கையைப் பிடித்தபடியே இருந்தன. அதைப் பார்த்த ராய்ஸ்தான் முதலில் பிடியைத் தளர்த்தினான் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு அவன் எட்டு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்ததும் தன் பங்கை அக்காள் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு ஃப்ளோரிடா பக்கம் போனான். அக்காளும் தம்பியும் அதற்குப் பிறகு பேசவில்லை.

கம்பெனி நஷ்டஈடு கொடுத்து வழக்கு முடிந்தது. சாட்சி சொன்ன நாளிலிருந்து பதினோரு மாதம் கழித்து பிரெஸ்டன் வந்தான். கூப்பிடாமலே வந்தான். கையில் சுருட்டிய வரைபடம். ஸ்பிரிங் கீல் அப்படியே இருந்தது. அதில் இரண்டு அங்குலத்தில் தடுக்கும் கொக்கி ஒன்றைச் சேர்த்திருந்தான். கட்டைவிரலால் விடுவிக்கலாம், தவறிப்போய் விடுபடாது.

இமோஜீன் வரைபடத்தை மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தாள்.

"கீல் வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்றான்.

"இடுப்பு வலிக்காரங்க இருக்காங்களே. நீ சொன்னது தப்பில்லை. நானும் முதல்ல இருந்தே முழுசா வேண்டாம்னு சொல்லலையே. கொக்கியோட ஸ்பிரிங் தேயுமா?"

"பத்தாயிரம் தடவைக்குத் தாங்கணும்."

"தாங்கணுமா, தாங்குமா?"

"சோதிச்சாத்தான் தெரியும்."

"அப்ப சோதி. ஹோலிஸ் கை படக்கூடாது, மிஷினை வெச்சு செய்."

இப்போது அவன் இங்கேதான் வேலை செய்கிறான். எரியும் அடுப்பு தனக்கு வலப்பக்கம் இருக்கிற மாதிரி நிற்பான், பார்க்கிற கண் அந்தப் பக்கம். அவளை மன்னித்தானா என்று நான் கேட்டதில்லை. மிஸ் இமோஜீன் என்று கூப்பிடுவான், மதியம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அதிகம் பேச மாட்டார்கள்.

போன மாதம் டென்னசியிலிருந்து ஒரு டீலர் வந்தான். கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கருமம் எதுக்கு? பொம்பளை மூளைதானே யோசிச்சிருக்கு?" என்றான். இமோஜீனின் கழுத்து நரம்பு எழும்பியது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். அப்படியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். டீலர் நெளிந்தான். தண்ணீர் கேட்டான்.

நான் போய் எடுத்துவந்தேன்.