பாதியில் விட்ட கைகுலுக்கல்

ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் காலையில் எழுந்தால் என் கால், நான் வேலை பார்த்த விடுதிக்குத்தான் போகும்; எங்கள் கடலோர ஊரான கேப் கோஸ்டில் இருக்கிறது. யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் நான் போகாமல் இருந்திருந்தால் என் ஆயுளில் பாதி வீண்!

சிறப்புக் குழந்தைகள் தங்கிப் படிக்கும் விடுதி அது. அங்கே அராபா என்ற பதினொரு வயதுப் பெண். பேச்சு வராது. கொஞ்ச நாளாக, காலை வணக்கம் சொல்லப் போகிறவர்களை எல்லாம் பாய்ந்து கடித்துக்கொண்டிருந்தாள். பராமரிப்பாளன் குவான்சா ஓடிய ஓட்டத்தில் அவன் செருப்பு பக்கத்து நாடான டோகோவின் எல்லையைத் தாண்டியிருக்கும். நிர்வாகக் குழுத் தலைவர் எசில்ஃபி அன்றைக்கு வந்து தலையாட்டிவிட்டால் போதும், அவளைத் தலைநகர் அக்ராவில் ஒரு பூட்டிய வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேன் வாசலில் தயாராக நின்றது.

"சார் போற வரைக்கும் அவளைச் சமையல்கட்டுல வெச்சுக்கோ. அவரையும் கடிச்சா நாம எல்லாருமே அந்த வேன்ல ஏற வேண்டியதுதான்," என்றார் கண்காணிப்பாளர் கூம்சன் மேடம்.

"நீங்களே வெச்சுக் காட்டுங்க மேடம், பார்த்துக் கத்துக்கறேன்," என்றான் குவான்சா.

இந்தச் சண்டை முடிவதற்குள் கார் வந்துவிட்டது. யானை இறங்குவது போல எசில்ஃபி இறங்கினார். எங்கள் ஊரில் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தால் வலது கோடியில் தொடங்கி எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டும். கையை விடும்போது நடுவிரலோடு நடுவிரல் உரசிச் சொடக்குப் போட வேண்டும். ஒருவரைத் தாண்டினால் காறித் துப்பியதற்குச் சமம். வாசலில் நின்ற எங்கள் வரிசையில் அவர் முக்கால்வாசி வருவதற்குள் அராபா எங்கிருந்தோ ஓடிவந்து கடைசியில் நின்றுகொண்டாள்.

"சார், அந்தப் பொண்ணு மட்டும் வேண்டாம்!" என்று அலறினார் மேடம்.

"வரிசையில நிக்கிற புள்ளையத் தாண்டிப் போகவாம்மா எங்கம்மா என்னை வளர்த்தா?"

கையை நீட்டினார். குவான்சா கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடுவேனா! குலுக்கினார், விரல் நழுவியது... டக்! கடலில் மீனவர்களெல்லாம் வலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

அராபா கடிக்கவில்லை. சிரித்தாள்! குதித்தாள்! மறுபடி கையை நீட்டினாள். டக்!

நான் குவான்சாவின் சட்டையைப் பிடித்தேன். "டேய், நீ அவளுக்கு எப்படிடா கை கொடுப்ப?"

"தொட்டதும் இழுத்துக்குவேன் ஆன்டி. கடிக்கிறாளே!"

"மொத மொத கடிச்சாளே, அன்னைக்கு?"

யோசித்தான். முகம் மாறியது. "டின் மூடி வெட்டி விரல்ல கட்டுப் போட்டிருந்தேன். சொடக்குப் போடல."

கூம்சன் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். இவன் பாதியில் விட்டான், அவள் கடித்தாள். கடிப்பாளே என்று பயந்து நாங்கள் எல்லோரும் பாதியில் இழுத்தோம், அவள் இன்னும் கடித்தாள். வாய் பேசாதவள் மீதிப் பாதியை வேறு எப்படிக் கேட்பாள்?

"போடா, கொடு!" என்று அவனை முன்னே தள்ளினேன். கொடுத்தான். வேர்த்துப்போன விரல் வழுக்கியது. சத்தமே இல்லை. அராபாவின் தாடை இறுகியது, பல் தெரிந்தது.

"இழுக்காதடா!" என்று மேடம் கத்தினார்.

அவன் இழுக்கவில்லை. மற்ற கையால் சட்டை நுனியை இழுத்து விரலைத் துடைத்தான். அவள் உறுமிக்கொண்டே நின்றாள். ஆனால் காத்திருந்தாள்! மறுபடி குலுக்கினான். டக்!

அப்புறம் அங்கே திருவிழாதான். சமையல்காரி, துணி வெளுப்பவள், மேடம் என்று எல்லோரும் வரிசை கட்டினார்கள். தலைவரே இரண்டாம் முறை வந்து வரிசையில் நின்றார்.

வேன் டிரைவர் எட்டிப் பார்த்தான். "சார், பொண்ணை ஏத்தலாமா? அக்ரா போய்ச் சேர நேரமாயிடும்."

"வேனைக் காலியாவே ஓட்டிட்டுப் போப்பா," என்றார் எசில்ஃபி. "அதுக்கு முன்னாடி கீழ இறங்கு. உனக்குத்தான் கையை நீட்டிட்டு நிக்கிறா."