எங்கள் குதிரை வராத எபிசோடு

1

அன்று மாலை அந்த முன்னறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் லமார் பிக்கெட், அவர் மனைவி ஐடோனா, எங்களைப் போலவே படக் கம்பெனிகளுக்குக் குதிரை தரும் இன்னொரு லாயத்துக்காரர் வெர்ல் ஸ்டக்கி, என் அப்பா ஆரின் ஹாஸ்கெட், என் அண்ணன் டெல்மர், நான் வெல்டா. ஆறு பேர். இருபது பேர் இருந்ததாக இப்போது சொல்கிறார்கள். ஐடோனாவிடம் அத்தனை நாற்காலி கிடையாது.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கோபத்தில் பிறந்தது. தெற்கு யூட்டாவில் எங்கள் ஊரைச் சுற்றி எடுக்கப்பட்ட பழைய கௌபாய் தொடர்களை ஊர் அருங்காட்சியகத்தில் வருடந்தோறும் திரையிடுகிறார்கள். இந்த வருடம் 1961 பிப்ரவரியில் வந்த அந்த எபிசோடு.* வாசலில் ஓர் அட்டை: "கடைசிக் காட்சியில் பாறைப் பிளவைத் தாண்ட உள்ளூர்க் குதிரைவீரர் தயங்கியதால், பழைய காட்சி ஒன்று ஒட்டப்பட்டது." பெயர் போடவில்லை. அது என் அப்பா; இந்த ஊரில் பெயர் போடத் தேவையில்லை.

பொறுப்பாளர் நோலீனிடம் போனேன். எங்கள் சபையில் எல்லாரும் சிஸ்டர், பிரதர்தான்.

"சிஸ்டர் வெல்டா, அறுபது வருஷமா ஊரே சொல்றதுதானே? நாங்களா கட்டிவிட்டோம்?"

"ஊர் சொன்னா எழுதிடுவியா? உன்னப் பத்தி ஊர் சொல்றத நான் எழுதி ஒட்டட்டுமா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"சரி, நீங்களே எழுதிக் குடுங்க. ஒரு பக்கம். பழசக் கழட்டிட்டு அத மாட்டிடறேன். எப்படியும் உங்க பிரஷ் பெட்டிக்குப் பக்கத்துலதான் அந்த அட்டை."

ஆம், என் தூரிகைகள் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. பதினோரு வருடம் படக் கம்பெனிகளின் குதிரைகளுக்கு நிறம் பூசியவள் நான். [அதற்கு இந்தக் கதையில் இடமில்லை என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.]

* தொடரின் பெயரை எழுதமாட்டேன். அதை இன்னும் விற்கிறார்கள். இலவச விளம்பரம் எங்கள் வீட்டு வழக்கமல்ல.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

"செம்பாறைகளுக்குமேல் சூரியன் எழுந்தபோது—" இல்லை. அந்தத் தொடரின் எல்லா எபிசோடும் இப்படித்தான் தொடங்கும்.

"என் அப்பா அச்சமே அறியாதவர்." பொய். அப்பாவுக்குப் பல் மருத்துவர் என்றால் பயம். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் துடைத்தால் கறைதான் பரவும்.

"பிளவின் அகலம் பதினாறு அடி." அப்பா இருந்திருந்தால் முகம் சுளித்திருப்பார். பதின்மூன்று. கயிறு போட்டு அளந்தவர் அவர்.

கடைசியில், இருந்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதினேன். சாட்சி சொல்பவர் அப்படித்தான் தொடங்குவார்.

3

எபிசோடு மோசமான எபிசோடு. என் குடும்பத்துக்காகச் சொல்லவில்லை. ஷெரிஃப் பக்கத்து ஊருக்கு மருந்து கொண்டுபோக வேண்டும்; கதையில் கடுங்கோடை; பாலம் எரிந்துவிட்டது; பிளவைத் தாண்டியாக வேண்டும். முக்கால் பங்கு நேரம் அவர் ஒரு விதவையின் சமையலறையில் நின்று பேசுகிறார். பிக்கெட் வீட்டு டிவி முன்னால் நாங்கள் பொறுத்துக்கொண்டோம். தாண்டப்போவது நடிகருக்குப் பதிலாக ஷெரிஃபின் சட்டையைப் போட்டுக்கொண்ட அப்பா, எங்கள் குதிரை ஜூனிபர் மேல். செப்டம்பரில் எடுத்தது. அன்று அங்கே படக்குழுவையும் எங்கள் மூவரையும் தவிர வேறு யாரும் இல்லை. குழு மறுநாளே கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டது.

அப்பா முழங்காலில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஷெரிஃபின் குதிரை பிளவை நோக்கி ஓடி வந்தது. பிறகு வரவேண்டிய ஜூனிபர் வரவில்லை; ஷெரிஃபின் குதிரையே, போன வருட எபிசோடில் தாண்டிய அதே வாய்க்காலைத் தாண்டியது. ஆறடி இருக்கும். பின்னால் மலைச்சரிவு முழுக்கப் பனி. உடனே காபித்தூள் விளம்பரம்.

முதலில் பேசியது ஸ்டக்கி. "கடுங்கோடையில பனியா! ஆரின், உனக்குக் குளிர்ந்திருக்குமேப்பா?"

லமார் அடக்கப் பார்த்தார். "விடுப்பா வெர்ல்."

"கேக்கறதுல என்ன? பிரதர் ஹாஸ்கெட், தாண்டினியா, இல்ல ஓரத்துல நின்னு எட்டிப் பார்த்தியா?"

டெல்மர் எழுந்தான். அப்பா கையை மட்டும் தூக்கினார், அவன் உட்கார்ந்தான்.

"ஆப்பிள் பை ரொம்ப நல்லா இருந்துச்சு, ஐடோனா," என்றார் அப்பா.

அவ்வளவுதான். ஊர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டது. ஜூலை இருபத்துநான்கு, ஊரில் முதலில் குடியேறியவர்களை நினைக்கும் முன்னோடிகள் நாள் குதிரை ஊர்வலத்தில் கொடியேந்தி முன்னால் போவது தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டு உரிமை. அந்த வருடம் கொடி ஸ்டக்கியிடம் போனது. அப்பா மூன்றாவது வரிசையில், முதல் வரிசையில் போகும் அதே நிமிர்வோடு போனார். அதற்குப் பின் சாகும்வரை பத்தொன்பது ஊர்வலம், மூன்றாவது வரிசை.

4

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம் ஒன்று உண்டு: குதிரைக்கு வெள்ளை பூசியவர்.

ஷெரிஃபின் குதிரைக்கு வலது பின்னங்காலில் மட்டும் வெள்ளை. ஜூனிபருக்கு ஒரு காலிலும் இல்லை. மற்ற லாயங்களில் முடியை வெளுக்க மருந்து போடுவார்கள், தோல் வெந்துபோகும். எங்கள் லாயத்தில் துத்தநாகக் களிம்பு. மாலையில் கழுவி, காலையில் மறுபடி பூச வேண்டும். இதில் அப்பா பிடிவாதக்காரர்.

முதல் வரைவில், தாண்டும் நாளன்று பூசியவர் படக்குழுவின் ஆள். இரண்டாவது வரைவில் டெல்மர். டெல்மர் இறந்து இருபத்தாறு வருடம், மறுத்துப் பேசமாட்டான். இரண்டாவது வரைவு நன்றாகவே வந்திருந்தது. பிரஷ்ஷை அவன் பிடிக்கும் விதம்கூட எழுதியிருந்தேன்.* படித்துப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டேன். செத்தவன்மேல் பழி போட்டு இன்னொரு செத்தவரைக் காப்பாற்றும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

பூசியவள் நான். இருபத்திரண்டு வயது. மற்ற நாள்களில் ஷெரிஃபின் குதிரை பக்கத்தில் நிற்கும், பார்த்துப் பூசுவேன். அன்று அதைக் கொண்டுவரவில்லை. ரசிகர்களுக்குக் கம்பெனி தந்த புகைப்பட அட்டை ஒன்று சட்டைப்பையில் இருந்தது. அதைப் பார்த்துப் பூசினேன். அந்தப் படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தது. ஷெரிஃபின் துப்பாக்கி அதில் இடது இடுப்பில் தொங்கியது. ஊரில் எந்தப் பிள்ளையும் உடனே கண்டுபிடித்திருக்கும். குதிரைக்காரர் வீட்டில் பிறந்தவள் படத்தில் மனிதனைப் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்த்தேன். அப்பா சேணம் பூட்டினார், தாண்டினார், மாலையில் நான் கழுவினேன். யாருக்கும் தெரியவில்லை.

* டெல்மர் பிரஷ்ஷையே தொட்டதில்லை. களிம்பு வாசம் அவனுக்கு ஆகாது.

எபிசோடு பார்த்த இரவு, பிக்கெட் வீட்டிலிருந்து லாரியில் திரும்பியபோது அப்பாவும் நானும் பேசியது இது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"வெல்டா, அன்னிக்கு வெள்ளைய எந்தக் கால்ல போட்ட?"

"இடது."

"ம்."

"அட்டையில இடதுதானேப்பா."

"குதிரைக்கு வலதும்மா. போன வாரமே கம்பெனிக் கடிதாசி வந்துச்சு. தாண்டினது பிரமாதம், கால் தப்பு, முன்ன பின்ன காட்சியோட ஒட்டலைன்னு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீ பிக்கெட் வீட்டுக்கு வந்திருக்கமாட்ட. வராட்டி அந்த ஸ்டக்கி மோப்பம் பிடிச்சிருப்பான்."

"நாளைக்கே போய் நான் சொல்லிடறேன்."

"வசந்தத்துல கம்பெனிக்காரன் பூசறதுக்கு ஆள் எடுக்க வரான். உம் பேரத்தான் சொல்லியிருக்கேன். தப்பா பூசினது நீன்னு தெரிஞ்சா எடுக்கமாட்டான். வாய மூடிட்டு வா."

வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னதற்காக மட்டும் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. பத்தொன்பது ஊர்வலங்களையும் நடைபாதையில் நின்று பார்த்தேன், கைதட்டினேன்.

5

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: ஃபிலிம் லேபில் கெட்டுப்போனது. யாருக்கும் குற்றமில்லை. நோலீன் சந்தோஷமாக மாட்டுவாள்.

இரண்டு: அப்பா ஜூனிபர்மேல் மலைமுகட்டில்— இதையும் அந்தத் தொடர்க்காரர்களே வைத்துக்கொள்ளட்டும்.

மூன்று: நான் ஒன்றும் எழுதாமல் இருப்பது. அறுபது வருடம் இந்த முடிவோடு வாழ்ந்தேன். மரியாதையாகவே வாழ்ந்தேன் என்று நினைத்திருந்தேன்.

குடும்ப கௌரவத்தைக் காப்பவள் என்று என்னை ஊர் சொல்லும். சரிதான். ஆனால் இத்தனை வருடம் நான் காத்தது கண்ணாடிக்குள் இருக்கும் பெட்டியை. வாசலில் தொங்குவது, எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்த அவருடைய பெயர்.

ஒரு பக்கம் கேட்டாள் நோலீன், இவ்வளவு நீண்டுவிட்டது. முழுவதையும் மாட்டுவாளா, தூரிகைகளைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடுவாளா, வாசிக்கும் நீங்கள் யாரை மன்னிப்பீர்கள் என்பதெல்லாம் என் பொறுப்பில் இல்லை. அந்த முடிவை எழுத எனக்கு விருப்பமும் இல்லை. இடம் போதாவிட்டால் கீழே உள்ள வரிகள் மட்டும் போதும். இவற்றில் ஒரு சொல்லையும் குறைக்கக் கூடாது.

ஆரின் ஹாஸ்கெட் தயங்கியதாகச் சொல்லப்படுவது உண்மையல்ல. அவர் தாண்டினார். முதல்முறை கேமரா ஓடவில்லை என்றார்கள். திரும்பி வந்து மறுபடியும் தாண்டினார். வெள்ளையைத் தவறான காலில் பூசியது அவர் மகள் வெல்டா.