கிழக்கு ஜன்னலில் பிற்பகல் வெயில்

கண்ணாடிக்காரர் சுவரைக் காலால் உதைத்து, கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, அடுத்த வரிசைக்கு இறங்கினார். நுரைத்தண்ணீரில் நனைத்த பஞ்சுக்கட்டையால் ஜன்னல் கண்ணாடியில் மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. ரப்பர் பட்டையால் குறுக்கே ஓர் இழுப்பு. பறவைகள் பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போகும், அவ்வளவு உயரமான கட்டடம். பக்கத்துக் கயிற்றில் அவருடைய கூட்டாளி தொங்கினான். சுவரோடு ஒட்டியபடியே ஒரு தூக்கம் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து துடைப்பான். அதனால் அவனுக்குப் பல்லி என்று பெயர்.

"என்னண்ணே, வீடு முடிவாச்சா?"

"ரெண்டுல ஒண்ணு. அதுலதான் இழுபறி."

இரண்டு இடமும் கயிற்றிலிருந்தே தெரிந்தன. ஒன்று ஊர்க்கோடி, பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால் புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடிகள். இன்னொன்று அவருடைய முதுகுக்கு நேர் பின்னால், இந்தக் கட்டடத்தின் காலடியில் இருந்த பழைய வீடுகளின் வரிசை. விலை ஒன்றுதான். அங்கே இரண்டு அறை, இங்கே ஓர் அறை.

இப்போது குடியிருப்பது தரைக்கு அடியில். ஜன்னல் உண்டு, அதில் தெருவில் போகிறவர்களின் செருப்புகள் தெரியும். வெளியே மழை நின்றுவிட்டதா என்று மனைவி செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடமும் தரைக்கு அடியில்தான். ஈரத் துணியிலும் நீராவியிலும் கிடந்து விரல் கணுக்கள் வீங்கிப்போய், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள். தினமும் கையில் வெயில் படட்டும், இல்லாவிட்டால் விரல் இப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர் எழுதித் தரவில்லை.

ஊர்க்கோடி வீட்டை ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்த்தார்கள். அங்கே வெயில் கேட்பாரற்றுக் கிடந்தது. கூடத்தில், சமையலறையில், கக்கூஸில்கூட. மனைவி ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ் போய்க்கொண்டே இருந்தது. ஏறும்போது மழுங்கச் சிரைத்திருந்த எதிர்சீட்டுக்காரர் இறங்கும்போது தாடியோடு இறங்கினார்.

"வேலை நாள்ல இருட்டுல கிளம்பி இருட்டுல வரணும்" என்றாள் அவள். "வெயில் வீட்டுல இருக்கும், நாம பஸ்ஸுல இருப்போம். சாவியை அதுகிட்டயே குடுத்துட்டு வந்துடலாம்."

"அப்ப பக்கத்துலயே பார்ப்போம். நீ ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம்."

"பக்கத்துல வெயில் ஏது? உங்க கட்டடம்தான் குடை புடிச்சிருக்கே."

"என் கட்டடமா? நான் துடைக்கிறேன், அவ்வளவுதான்."

இருந்தாலும், அவளுடைய வேலை முடிந்த ஒரு பிற்பகலில், தரகரோடு அந்தப் பழைய வரிசைக்குப் போனார்கள். மூன்றாம் மாடி. படிக்கட்டு இருட்டில் தரகர் பேசிக்கொண்டே முன்னால் ஏறினார், பின்னால் வருகிறவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். "இருட்டுன்னு நினைக்காதீங்கம்மா, கண்ணுக்குக் குளிர்ச்சி. கரண்டு விளக்கு போட்டுட்டா..."

கதவைத் திறந்ததும் அவருடைய பேச்சு நின்றது. அவர் தொழிலில் நடக்காத காரியம்.

ஒற்றை ஜன்னல் வழியே வெயில் அறை முழுக்க நிரம்பியிருந்தது. கெட்டியான, மஞ்சள் வெயில். தரையில் பாதியை மூடி, எதிர்ச்சுவரில் ஏறி, உரிந்த சுண்ணாம்பைத் தங்கத் தகடுபோலக் காட்டியது. தூசி ஒவ்வொன்றும் தனித்தனியாக மினுங்கிக்கொண்டு மெல்ல இறங்கியது. ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. பிறகு அவள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் வெயிலில், துணி காயப் போடுவதுபோல, விரித்து வைத்தாள்.

"சுடுதுங்க" என்றாள் மெதுவாக.

தரகருக்குக் குரல் திரும்பியது. "வெயில் விலையிலயே சேர்த்திதாம்மா."

ஜன்னல் கிழக்கே பார்த்தது. பொழுதோ மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. மூவரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. தரகர் வழக்கமாகக் காலையில் வந்து, வீடு இருட்டு என்று திட்டு வாங்கிக்கொண்டு போகிறவர். மற்ற இருவருக்கும், திசை என்பது மாடியில் குடியிருப்பவர்களின் சமாசாரம்.

"எடுத்துக்கலாங்க" என்றாள் அவள். தலை நரைக்கும் வரைக்கும் கட்ட வேண்டிய கடனுக்கு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

குடி வந்த பிறகு, தினமும் வேலை முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கைகளை வெயிலில் வைத்துக்கொள்வாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்க ஆரம்பித்தன. ஒருநாள் டம்ளரை ஒரே கையால் தூக்கி, ஒன்றும் நடக்காததுபோலக் குடித்தாள். அவரும் ஒன்றும் பார்க்காததுபோலப் பார்த்தார்.

பிறகு ஒரு சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது, தரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வெயில்ல ஒரு கறை."

"தரையிலயா?"

"தரையைத் தேய்ச்சுப் பார்த்துட்டேன். இது வெயில்ல. நேத்தும் இருந்துச்சு. வெயில் நகர்ந்தா அதுவும் கூடவே நகருது. ஒரு முழ நீளம், வால் வெச்சு."

கறை விஷயத்தில் அவளிடம் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. மறுநாள் கட்டடத்தின் மேற்கு முகத்தில் இறங்கும்போது, ஒரு கண்ணாடியின் நடுவே சிமெண்டுப் பால் வழிந்து காய்ந்திருந்தது. மாடியில் யாரோ பூச்சு வேலை பார்த்திருக்கிறார்கள். ஒரு முழ நீளம், வால் வைத்து. அவர் கையில் பஞ்சுக்கட்டையோடு அப்படியே தொங்கினார். முதுகுக்குப் பின்னால் சூரியன். முகத்துக்கு எதிரே, கண்ணாடிக்குள் இன்னொரு சூரியன். தலையைத் திருப்பி அது பார்க்கும் பக்கம் பார்த்தார். கீழே, பழைய வரிசையில், மூன்றாம் மாடியில் ஒரே ஒரு ஜன்னல், அவர்களுடையது, வெயிலில் எரிந்துகொண்டிருந்தது.

"என்னண்ணே, தூக்கமா?" என்றான் பல்லி. "அது என் வேலையாச்சே."

அவர் கறையைச் சுரண்டி, கழுவி, மூச்சு விட்டுத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "கறை போயிடுச்சுங்க!"

"தெரியும். நான்தான் துவைச்சேன்."

அவர் சொல்லச் சொல்ல அவள் ஜன்னலுக்கும் கட்டடத்துக்கும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், "அப்ப அன்னிக்கு நாம பார்த்து மயங்கினதும் நீங்க துடைச்சதுதானா?" என்றாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அதன்பிறகு அந்த வரிசைக் கண்ணாடிகள் மட்டும் இரண்டு தடவை துடைக்கப்பட்டன. "இதுங்களுக்கு மட்டும் என்னண்ணே மாப்பிள்ளை அலங்காரம்?" என்று பல்லி கேட்டான். விஷயம் தெரிந்ததும் அவனும் தன் பங்குக்கு ஒரு தடவை துடைத்தான்.

அந்தக் கோடை முடிவதற்குள் கம்பெனியிலிருந்து உருளை உருளையாகத் தாள் வந்தது. பளபளப்பில்லாத பழுப்புத் தாள். வெயில் உள்ளே போகாமல் கண்ணாடியின் வெளிப்பக்கமாக ஒட்ட வேண்டும். எந்த மாடி என்று பல்லிதான் கேட்டுவந்தான்.

"நம்ம மாடிதாண்ணே. முழுக்க ஒரே ஆளோட வீடாம். ஆள் வர்றதில்ல. சோபா நிறம் போகுதாம்." கொஞ்சம் பொறுத்து, "முடியாதுன்னு சொல்லிடேன்" என்றான்.

"நான் முடியாதுன்னா நீ ஒட்டணும். நீயும் முடியாதுன்னா நாளைக்கு வேற ரெண்டு பேர் தொங்குவாங்க. கடனை யார் கட்டுறது?"

தாள் ஒட்டப் போகிற நாள் காலை மனைவி எப்போதும்போல அவருடைய இடுப்புவாரைச் சரிபார்த்தாள். "கோணலா ஒட்டி வைக்காதீங்க. பிரிச்சுட்டு மறுபடி ஒட்டச் சொல்லுவான்." கதவு வரை வந்தவள், "சொன்னா சொல்லட்டும்" என்றாள்.

பிற்பகலில் வேலை அந்த வரிசைக்கு வந்தது. கண்ணாடிக்கு உள்ளே நீளமான கூடம். வெள்ளைத் துணி போர்த்திய சோபாவின் மேல் வெயில் சாய்ந்திருந்தது. அவர் தாளின் முதுகை உரித்தார், மேல் விளிம்பில் பொருத்தினார், ரப்பர் பட்டையால் நீரைத் தள்ளிக்கொண்டே கீழே இழுத்தார். ஒவ்வொரு கண்ணாடி முடியும்போதும் கீழே அந்த ஜன்னலில் வெளிச்சம் ஒரு பக்கமாக ஒடுங்கியது. அவள் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்தினாள். மறுபடி ஒடுங்கியது. மறுபடி நகர்த்தினாள்.

கடைசிக் கண்ணாடி மிஞ்சியது. ஒட்டுவதற்கு முன் கண்ணாடி சுத்தமாக இருக்க வேண்டும். அதை அவர் நுரை போட்டுக் கழுவினார், மூலைகளைத் துணியால் ஒற்றினார், மூச்சு விட்டுத் துடைத்தார். பல்லி தன் கயிற்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு தாளை வைத்து, ஒரே இழுப்பில் கீழே கொண்டுவந்தார். கோணல் இல்லை, ஒரு குமிழிகூட இல்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகள் மட்டும் இன்னும் நீட்டியபடி இருந்தன, மழை நின்றுவிட்டதா என்று பார்ப்பதுபோல.