மணிக்கூண்டுக்குப் போற படி

நீங்களே பாத்துப் பாத்துக் கட்டின ஒரு ஊருக்குள்ள ஒரு தடவகூட கால் வெக்காம இருக்க முடியுமா? லிஃப்ட்டு இருந்தான். ஒரு வருஷமா இருந்தான்.

அவன் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். அதனால வேலையில, வீட்டுல, விளையாட்டுல எல்லா இடத்துலயும் அதே பேருதான். அக்கா வீட்டுல தங்கியிருந்தான். வேலை முடிஞ்சு வந்தா கையக் கழுவின ஈரம் காயறதுக்குள்ள கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துடுவான். ரெண்டு கட்சியா பிரிஞ்சு ஓடுற விளையாட்டு. ஒரு கட்சி கீழேருந்து ஒரு பெட்டிய தூக்கிட்டுப்போய் மேல சேக்கணும், இன்னொரு கட்சி விடக்கூடாது. ஓடுறதுக்கு இடம் வேணுமில்ல, அதுக்குப் பேருதான் மேப். கம்பெனி குடுத்த மேப்பெல்லாம் சலிச்சுப்போய், விளையாடுறவங்களே ஆளாளுக்கு ஒண்ணு செஞ்சு போட ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு.

லிஃப்ட்டு செஞ்சது ஒரு துறைமுகம். கீழ படகுத்துறை, மேல குன்று, உச்சியில மணிக்கூண்டு. பெட்டி அங்க போய்ச் சேந்தா மணி அடிக்கும். நடுவுல, செடி வளக்குற கண்ணாடி வீடு ஒண்ணு. அதுலதான் அவன் உசுரே இருந்துச்சு. இலை இலையா தனித்தனியா வரைஞ்சான். கண்ணாடியில வேர்த்து வழியிற தண்ணியக்கூட விடல.

ஆனா யாரும் அங்க தங்கல. வருவாங்க, கொஞ்சம் சுத்துவாங்க, பாதி ஆட்டத்துல நைசா கழண்டுக்குவாங்க. சனிக்கிழமை தோறும் எல்லாரும் சேந்து விளையாட நல்ல மேப்பா பொறுக்குற குழு ஒண்ணு இருக்கு. ரெண்டு தடவ அனுப்பினான், ரெண்டு தடவயும் வேணாம்னுட்டாங்க. மூணாவது தடவயும் வேணாம்னா மேப்பையே எடுத்துடுவாங்க, அதான் அங்க முறை. அதுக்கப்புறம் அந்தத் துறைமுகத்துல நடமாட ஒரு ஈ காக்கா இருக்காது.

குழுவுல கத்தரின்னு ஒரு அம்மா. தாட்சண்யம் பாக்காம வெட்டுவாங்க, அதான் பேரு. அழகா இருக்கு, ஆனா விளையாட முடியலன்னு எழுதியிருந்தாங்க. ஒண்ணும் தெரியாத ஒருத்தர உக்கார வெச்சு விளையாட விடுங்க, பக்கத்துல இருந்து பாருங்க, வாய மட்டும் திறக்காதீங்கன்னு கீழ ஒரு வரி. மேப் செய்றவங்க மத்தியில இது சட்டம் மாதிரி. ஒருத்தர் விளையாடும்போது செஞ்சவன் பேசக்கூடாது. ஊருல ஒவ்வொருத்தன் காதுலயும் போய் வழி சொல்லவா முடியும்?

ஒண்ணும் தெரியாத ஆளு வீட்டுலயே இருந்தா. அக்கா ஸ்கூல் பஸ் ஓட்டுறவ. கணுக்கால் உடைஞ்சு, மாவுக்கட்டோட வீட்டுல அடைஞ்சு கிடந்தா. கட்டுப் போட்ட கால ஸ்டூல் மேல நீட்டிக்கிட்டு, பஸ் ஸ்டியரிங்கப் பிடிக்கிற மாதிரி மவுஸப் பிடிச்சா. பேக்கரியில மாவு பிசையிற மாமா மத்தியானமே வேலை முடிஞ்சு வந்தவரு, வேடிக்கை பாக்க நாற்காலி இழுத்துப் போட்டுக்கிட்டாரு.

அக்கா பெட்டியத் தூக்கினா. சுத்திலும் இருட்டு, கண்ணாடி வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி ஜெகஜோதியா இருந்துச்சு. நேரா அதுக்குள்ள போயிட்டா. லிஃப்ட்டு துண்ட எடுத்து வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டான். பல் வலியான்னு மாமா அக்கறையா விசாரிச்சாரு. அக்கா உள்ள ஒவ்வொரு செடியா சுத்திப் பாத்தா, இன்னொரு வாட்டி சுத்தினா, மறுபக்கம் கதவே இல்லாத சுவத்துல முட்டிக்கிட்டு நின்னா.

“செடியெல்லாம் பிரமாதம்டா. பெட்டிய இங்கயே வெச்சுட்டுப் போயிடவா?”

லிஃப்ட்டுக்கு அப்பதான் உறைச்சுது. வழி எங்க இருக்கோ அங்க விளக்கு வெக்கல, தனக்குப் பெருமை எங்க இருக்கோ அங்க வெச்சிருக்கான். அன்னைக்கே உக்காந்து கண்ணாடி வீட்டு வெளிச்சத்தக் குறைச்சு, தெருவோரமா விளக்கு நட்டான்.

மறுநாள் அக்கா அந்த விளக்கப் பிடிச்சுக்கிட்டே தெருவக் கடந்து மணிக்கூண்டுப் படி வரைக்கும் வந்துட்டா. முதல் படியிலயே நின்னுட்டா. முட்டினா, பின்னால வந்து மறுபடியும் முட்டினா. லிஃப்ட்டால பொறுக்க முடியல, வாயிலேருந்து துண்ட உருவிட்டு, ‘குதிக்கணும்’னு சொல்லிட்டான்.

அக்கா திரும்பிப் பாத்தா. “பெட்டி கையில இருந்தா குதிக்க வரல. நீ எப்படிடா ஏறின?”

பெட்டி தூக்கினா குதிக்க முடியாதுன்னு அந்த விளையாட்டுல சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனா மேப் செய்யும்போது செய்றவன் பறந்துதான் செய்வான். ஒரு பொத்தான் அழுத்தினா சுவரு, கூரை எல்லாத்துக்கும் மேல மிதக்கலாம். அந்தப் பொத்தான அவன் அணைச்சதே இல்ல. சோதிச்சுப் பாத்ததும் மிதந்துக்கிட்டேதான்.

“லிஃப்ட்டுக்காரனுக்குப் படி என்னத்துக்கு?” அப்படின்னாரு மாமா. அக்கா சிரிச்ச சிரிப்புல ஸ்டூல்லேருந்து கால் நழுவி, அப்புறம் வலியில முனகி, மறுபடியும் சிரிச்சா.

அன்னைக்குத்தான் லிஃப்ட்டு அந்தப் பொத்தான அணைச்சுட்டுப் படகுத்துறையில இறங்கினான். அவன் கட்டின ஊரு அவனுக்கே புதுசா இருந்துச்சு. படி ஒவ்வொண்ணும் தொடை உசரம். உசரத்தக் குறைச்சா படி கூடும், படி கூடினா நீளம் கூடும். ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் கண்ணாடி வீடு. வேற இடமே இல்ல. படிய வளைச்சுப் பாத்தான், மடக்கிப் பாத்தான், குன்றச் சீவிப் பாத்தான். எப்படிப் போட்டாலும் படி நேரா கண்ணாடி வீட்டு வயித்துலதான் வந்து நின்னுச்சு. வாரம் பூரா சோறு தண்ணி இறங்காம அலைஞ்சான்.

அக்கா தினமும் அந்த ஊருல நடந்துக்கிட்டுத்தான் இருந்தா. அவளுக்கு வேற பொழுதும் போகல. கடைசியில அவதான் கேட்டா. “பஸ்ஸு முழுக்கப் பூவா வெச்சுட்டு, கதவு வெக்காம விட்டா பிள்ளைங்க எப்படிடா இறங்கும்?”

லிஃப்ட்டு கண்ணாடி வீடு மொத்தத்தையும் வளைச்சுப் பிடிச்சு, அழிக்கிற பொத்தான அழுத்தினான். ஒரு வருஷத்து வேலை கண் மூடித் திறக்குறதுக்குள்ள போயிடுச்சு. ஒரே ஒரு தொட்டிச் செடிய மட்டும் எடுத்து வெச்சிருந்தான். அகலமா, தாழ்வா, சோம்பேறிகூட ஏறுற மாதிரி புதுசா படி போட்டு, அது திரும்புற எடத்துல அந்தச் செடிய வெச்சு மேல ஒரு விளக்கு மாட்டினான்.

மூணாவது தடவ அனுப்பினான். கத்தரிகிட்டேருந்து ஒரே வார்த்தை வந்துச்சு. சனிக்கிழமை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆள் நிரம்பி வழிஞ்சுது. இடம் கிடைக்காதவங்க வெளிய காத்துக்கிட்டு இருந்தாங்க. லிஃப்ட்டு ஆட்டத்துக்குள்ள ஓரமா ஒரு படகுல நின்னு வேடிக்கை மட்டும் பாத்தான், துண்டு மடியில தயாரா இருந்துச்சு. அக்கா பக்கத்துல இன்னொரு கம்ப்யூட்டர்ல ‘பஸ்ஸு’ன்னு பேரு போட்டுக்கிட்டு உள்ள இறங்கியிருந்தா.

பாதியில ஒருத்தரும் கழண்டுக்கல. ஆட்டம் படிக்கட்டுக்கு வந்ததும் ரெண்டு கட்சியும் அங்கயே மல்லுக்கட்டுச்சு. தூக்கினவன் விழ, பெட்டி படிபடியா உருண்டு கீழ வர, மொத்தக் கூட்டமும் அது பின்னாடியே ஓடி, மறுபடியும் மேல ஏறி, மறுபடியும் உருட்டிவிட்டுன்னே போச்சு. இப்படியெல்லாம் நடக்கும்னு லிஃப்ட்டு கனவுலகூட நினைக்கல. மடியிலிருந்த துண்டு எப்பவோ கீழ விழுந்து கிடந்துச்சு.

கடைசியா பெட்டி செடித்தொட்டி ஓரமா வந்து நின்னுச்சு. யாரும் கவனிக்கல. அந்தத் திருப்பத்துல விளக்குக்குப் பின்னால ஒரு ஆள் ஒண்டுற அளவுக்கு நிழல் இருக்குன்னு புதுப் படி போட்டதுலேருந்து தினமும் அங்க நடந்தவளுக்கு மட்டும்தான் தெரியும். பஸ்ஸு அந்த நிழல்லேருந்து வந்து பெட்டியத் தூக்கிக்கிட்டு, நிதானமா, பிள்ளைங்கள ஏத்தின வண்டி மாதிரி குலுங்காம மேல ஏறிப் போனா.

மணி அடிச்சுது.

யார் இந்த பஸ்ஸுன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. மாமா நாற்காலியத் தள்ளிட்டு எழுந்து கை தட்டினாரு. இந்தப் படியில நான் எத்தன தடவ செத்தேன்னு எனக்கே கணக்கில்லன்னு கத்தரி எல்லாரும் பாக்க எழுதினாங்க. அடுத்த வரியில, இந்த மேப் இனிமே நிரந்தரமா இங்க இருக்கும், எல்லாரும் இருங்க, இன்னொரு ஆட்டம்னு இருந்துச்சு. லிஃப்ட்டு அந்த ரெண்டு வரியையும் அக்காவ சத்தமா படிக்கச் சொல்லிக் கேட்டான். அப்புறம் மாமாவையும் ஒரு தடவ படிக்கச் சொன்னான்.

மறுநாள் காலையில அவசரமா கூப்பிட்டாங்கன்னு லிஃப்ட்டு வேலைக்குப் போனான். அஞ்சாவது மாடியில லிஃப்ட் நின்னுபோயிருந்துச்சு. படியேறிப் போய் சரி பண்ணிட்டு, படியிலயே இறங்கி வந்தான்.