மேல்பூச்சுக்காரன்

அண்ணனுக்குத் தம்பியைப் பிடிக்காது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. மதிக்க மாட்டார், அவ்வளவுதான். அது பிடிக்காமல் இருப்பதைவிட மோசம். பிடிக்காதவரோடு சண்டையாவது போடலாம்.

தம்பி கார்களுக்கு டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் செய்கிறவன். நசுங்கின கதவைத் தட்டியெடுத்து, பள்ளத்தில் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தானானால் அடிபட்ட இடம் எதுவென்று வண்டிக்குச் சொந்தக்காரனே தேட வேண்டும். அண்ணன் ஒரு காலத்தில் மண் பாதையில் பந்தய பைக் ஓட்டியவர். மேட்டில் ஏறி, அந்தரத்தில் பறந்து, அந்தப் பக்கம் இறங்குகிற பந்தயம். ஒருநாள் ஏறினவர் ஒழுங்காக இறங்கவில்லை. இடுப்பில் கம்பி வைத்தார்கள். பதினாறு வருடமாகக் கைத்தடிதான். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்து, அதிலும் ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்தான் பாக்கி. இத்தனை சேதாரத்திலும் அவர் வாய்க்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தம்பியைக் காட்டி, "இவன் மேல்பூச்சுக்காரன். உள்ள என்ன இருக்குன்னு இவன்கிட்ட கேக்காதீங்க, தெரியாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தம்பியும் சிரிப்பான். சிரித்துச் சிரித்தே அவனுக்கு நாற்பத்து நாலு வயதாகிவிட்டது.

அந்தப் பந்தய பைக் அண்ணன் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. பழைய டூ ஸ்ட்ரோக். அதைப் பழைய இரும்புக்குப் போடப் போவதாக அண்ணன் சொன்ன அன்றுதான் தம்பிக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, எனக்குக் கொடுங்கள், ரோட்டில் ஓடுகிற வண்டியாக மாற்றிக் காட்டுகிறேன் என்று வாயை விட்டான். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வண்டிக்கு லைட் கிடையாது, ஹார்ன் கிடையாது, சாவி கிடையாது, நிறுத்தி வைக்க ஸ்டாண்டுகூடக் கிடையாது, இவர் ரோட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாராம் என்று அங்கிருந்த நாலு பேருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விட்டார்.

"நம்பர் பிளேட் மாட்டி என் வாசல்ல கொண்டுவந்து நிறுத்துடா பார்ப்போம். நீயும் ஒரு மெக்கானிக்தான்னு ஊரைக் கூட்டி என் வாயால சொல்றேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகளை யாராவது காவு கொடுப்பார்களா? அவன் கொடுத்தான். வண்டியைத் தன் வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். ரிப்பேர் பண்ண வேண்டியது வண்டியை இல்லை, உங்கள் அண்ணன் வாயைத்தான் என்றாள் அவன் மனைவி. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் சரியான பேச்சைக் கேட்கிற நிலையில் அவன் இல்லை.

எஞ்சினைப் பிரித்தபோது அது குப்பைத்தொட்டி மாதிரி இருந்தது. பிஸ்டன் ஒரு பக்கமாகக் கீறி, ரிங் இரண்டும் கரியோடு ஒட்டிப்போயிருந்தன. சிலிண்டரை லேத்துக்காரரிடம் கொடுத்துக் கடைந்து வாங்கினான். மற்றதையெல்லாம் தன் கையாலேயே செய்வது என்று வீம்பு. பந்தய வண்டியில் மின்சாரம் என்றால் பிளக்குக்குப் பொறி கொடுக்க மட்டும்தான். விளக்கு எரிய அதில் வழியே இல்லை. அதற்காகச் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி ஒரு காயில் செய்தான். முதல் காயில் பல்பைச் சுட்டது. இரண்டாவது தன்னையே சுட்டுக்கொண்டது. மூன்றாவதில் விளக்கு எரிந்தபோது அவன் கொட்டகையில் தனியாக நின்று கைதட்டினான், சின்னப் பிள்ளை மாதிரி.

மூன்றாம் மாதத்திலிருந்து அண்ணனும் வர ஆரம்பித்தார். வந்து பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஸ்பேனரைப் பிடிக்கிற லட்சணத்தைப் பார், பெட்ரோலில் ஆயிலைக் கலக்கச் சொன்னால் ஆயிலில் பெட்ரோலைக் கலக்கிறாயே என்று ஓயாத நச்சரிப்பு. பின்சக்கரத்தின் பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றினால்தான் ரோட்டில் கத்தாமல் ஓடும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். ஒருநாள் அவருக்கு டீ கொண்டுவந்த தம்பி மனைவி அவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, உங்கள் அண்ணன் திட்டுகிறதுகூட இப்போது கொஞ்சம் பாசமாகத்தான் கேட்கிறது என்றாள். தம்பிக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி. இந்த வயதுவரை அவர்கள் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே அத்தனை மணி நேரம் உட்கார்ந்ததே இல்லை.

எஞ்சின் முடிந்ததும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு வந்தான். அது அவன் ராஜ்ஜியம். எஞ்சினில் பொறித்திருந்த எண்ணைக் கண்ணைப் போலக் காத்தான். அதன்மேல் டேப் ஒட்டிய பிறகுதான் பக்கத்திலேயே கை வைத்தான். காரில் எண் எங்கே இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இந்த வண்டிக்கு எஞ்சினில் ஒன்று இருக்கிறது, போதும் என்று நினைத்துக்கொண்டான். ஹேண்டில்பார் திரும்புகிற குழாயின் வலது பக்கம், வருடக்கணக்கான சேறும் துருவும் கேபிள் உரசின தழும்புமாக ஒரே சொறியாக இருந்தது. குழியைக் கண்டால் பெயின்டர் கை சும்மா இருக்குமா? கிரைண்டரைப் போட்டு வழித்தான், பட்டி வைத்தான், எமரித் தாள் போட்டுத் தேய்த்தான், மூன்று கோட் பெயின்ட் அடித்தான்.

அந்தச் சொறிக்குள்தான் சட்டத்தின் எண் இருந்தது. தம்பிக்குத் தெரியவில்லை. அந்த வண்டியில் ஒன்பது வருடம் பறந்த அண்ணனுக்கும் தெரியவில்லை. பந்தயக்காரர்களுக்கு நம்பர் என்றால் வண்டி முன்னால் போர்டில் பெரிதாக எழுதியிருப்பதுதான். குனிந்து சட்டத்தைப் படிக்க அங்கே யாருக்கு நேரம்? அன்று அண்ணன் கைத்தடியை ஊன்றி எழுந்து வந்து, சரியாக அதே இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"கண்ணாடி மாதிரி இருக்குடா" என்றார்.

பிறந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டான் பாவி.

வண்டிப் பதிவு அலுவலகத்தில் சோதனைக்கு நாள் கொடுத்தார்கள். பதிவாகாத வண்டியை ஓட்டிப் போகக் கூடாது என்பதால் ஒரு சரக்கு வேனில் ஏற்றி, பதிவு அலுவலகத் திடலில் இறக்கிவிட்டு வேனை அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது ஓட்டிக்கொண்டே வருவதாகத் திட்டம். தம்பி கிக்கரை உதைத்துக் கொடுப்பான், அண்ணன் ஓட்டுவார். உதைக்கத்தான் இடுப்பு விடாதே தவிர, ஏற்றி உட்காரவைத்துவிட்டால் ஓட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். தன் பழைய பந்தய ஹெல்மெட்டைக்கூடத் துடைத்து எடுத்து வந்திருந்தார். வண்டி வாங்கிய பில் அவர் பெயரில். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். முதலில் வண்டி தேற வேண்டும், அப்புறம்தான் கவுன்டரில் காகிதம்.

ஆய்வாளர் சிடுசிடுப்பான ஆள் இல்லை. பொறுமையாகத்தான் பார்த்தார். விளக்கு எரிந்தது, ஹார்ன் அடித்தது, பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு வந்தது. சத்தத்தை அளக்கிற கருவியை நீட்டினார், அதுவும் தேறியது. வயரிங் யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றான் தம்பி. நல்ல வேலை என்று எழுதிக்கொண்டார். தம்பி ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் முகவாயைத் தூக்கிக்கொண்டு, தன் பிள்ளை பரிசு வாங்குகிற மாதிரி நின்றிருந்தார்.

அப்புறம் ஆய்வாளர் டார்ச்சை எடுத்துக் குனிந்து, ஹேண்டில்பாருக்குக் கீழே அடித்தார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். மறுபடி வலது பக்கம்.

"சேஸிஸ் நம்பர் எங்க?"

எஞ்சினில் இருக்கிறதே என்று தம்பி காட்டினான். அது எஞ்சினுக்கு, சட்டத்துக்கு இங்கே இருக்க வேண்டும், பெயின்டைச் சுரண்டுங்கள் என்றார். அங்கேயே மண்டியிட்டுச் சுரண்டினான். தன் மூன்று கோட் பெயின்டையும் பட்டியையும் தன் கையாலேயே பெயர்த்தான். அடியில் இரும்பு பளபளவென்று வந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. அவன் வேலை அவ்வளவு சுத்தம். எஞ்சினையும் வயரிங்கையும் பற்றித்தான் ஒன்றரை வருடம் பயந்தான். கடைசியில் அவனைக் கவிழ்த்தது, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற சொந்தத் தொழில். 

ஆய்வாளர் குரல் மாறியது. எண்ணை வழித்தெடுத்த வண்டி என்றால் திருட்டு வண்டி என்றுதான் எழுத முடியும், வண்டி இங்கேயே நிற்கும், விவரம் போலீஸுக்குப் போகும் என்றார். தெரியாமல் நடந்திருந்தால், முதலில் வாங்கினவர் பில்லோடு வந்து இது என் வண்டிதான் என்று எழுதிக் கொடுக்கட்டும், அவரையும் விசாரிப்பார்கள், அதன்பிறகு ஒரு வழி பிறக்கலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"நீங்கதான் ஓனரா?"

தம்பிக்கு உயிர் வந்தது. பில் பையிலேயே இருக்கிறதே! எடுத்து நீட்டினால் ஆயிற்று. அண்ணன் கையும் சட்டைப் பைக்குத்தான் போனது. போன கை அந்தக் காகிதத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திவிட்டு வெறுமனே திரும்பி வந்தது.

"எனக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லைங்க. சும்மா கூட வந்தேன். இவர் மெக்கானிக். யாரு என்ன குடுத்தாலும் செஞ்சு குடுப்பாரு."

தம்பி அண்ணன் முகத்தையே பார்த்தான். அண்ணன் டார்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது போலீஸ் விசாரணை என்றால் யாருக்கும் பயம் வரும்தான். வரட்டும். அந்தப் பயத்தைத் தம்பியிடம் ஒரு வார்த்தை கிசுகிசுத்திருந்தால் அவனே இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டிருப்பானே! கூடப் பிறந்தவனை யாரோ ஆக்கி, வண்டியோடு சேர்த்துக் கைகழுவ வேண்டுமா?

அப்படியானால் வண்டி யாருடையது என்று ஆய்வாளர் தம்பியைக் கேட்டார். தம்பி அண்ணனின் சட்டைப் பையை ஒரு தடவை பார்த்தான். 

"என்னோடதுதான் சார். தேய்ச்சதும் நான்தான்."

அண்ணனைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அவர் எக்கேடு கெட்டாலும் அவனுக்குக் கவலையில்லை. சக்கரத்துக்குச் சங்கிலி போட ஆள் வந்துகொண்டிருந்தான். எல்லோருமே என்னுடையது இல்லை என்று சொல்லி அந்த வண்டியை விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை. நாலு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை விசாரணைக்கு வரச் சொன்னார்கள்.

வேன் போய்விட்டதால் பஸ்தான். தம்பி திரும்பிப் பார்க்காமல் நடந்து, நின்றிருந்த பஸ்ஸில் ஏறி, இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். அண்ணன் ஒரு கையில் தடியும் இன்னொரு கையில் ஹெல்மெட்டுமாகப் படியேறி வருவதற்குள் மற்ற இடமெல்லாம் நிறைந்துவிட்டது. மூச்சு வாங்க வந்து சீட்டின் பக்கத்தில் நின்றார். திங்கட்கிழமை பில்லைப் பற்றி அவர்களிடம் வாயைத் திறக்காதே, என் நிலைமை உனக்குப் புரியும், வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே உட்காரக் குனிந்தார்.

தம்பி தன் டூல்ஸ் பையைத் தூக்கி அந்தக் காலி இடத்தில் வைத்தான்.

"இங்க ஆள் வருது, சார்."

அண்ணன் குனிந்தபடியே அவனைப் பார்த்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். பஸ் கிளம்பிக் குலுங்கியபோது, கம்பியைப் பிடிக்க எந்தக் கையை விடுவது என்று தெரியாமல் தடியையும் ஹெல்மெட்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய இடுப்பு சீட்டின் விளிம்பில் இடிப்பது தம்பிக்குத் தெரிந்தது.  எழுந்துவிடலாமா என்று மூன்று தடவை நினைத்தான். எழுந்திருக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அவர்கள் இறங்குகிற இடம்வரைக்கும் அந்த சீட்டுக்கு யாரும் வரவில்லை.